பன்னிரண்டு சொல்லுக்கு ஒரு சுவர்

எங்கள் அண்ணன் திருத்தங்கலில் பிறந்தார். இரண்டு ஆண்டு கழித்து நான் பிறந்தேன். அப்பா காலமானதும் அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று, சுவர் விளம்பரம் எழுதப் போனார். அவர் நின்றதால் நான் படித்துத் தமிழாசிரியரானேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது நன்றிகெட்ட பேச்சாகத் தோன்றலாம்.

சாத்தூர் சாலையில் அண்ணன் எழுதிய டயர் விளம்பரங்கள் நாற்பத்தொன்று. கறுப்பு டயர், மோட்டார் சைக்கிளில் சிரித்தபடி ஒருவர், அடியில் கம்பெனி கேட்காமலே அண்ணன் சேர்த்த வரி: 'தேய்ந்த டயர், தேடும் வீடு.' இருக்கன்குடிக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அம்மா ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவார். முப்பத்திரண்டு ஆண்டு நான் பாடம் நடத்தியதைக் காட்ட வழியில் ஒன்றும் இல்லை. பொறாமைதான். இந்த எழுபத்தாறு வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எனக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று கேட்டேன். வாசகமும் கொடுத்தேன்: 'தேய்ந்த டயரோடு வேகமாகச் செல்லாதீர்கள்; உங்களுக்காக வீட்டில் பலர் காத்திருப்பதை எப்போதும் மறவாமல் நினைவில் கொள்ளுங்கள்.' பன்னிரண்டு சொற்கள். அண்ணன் அதை ஒரு வளைவுச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டு வண்டியை எடுத்தார்.

"ஏலே, பின்னால ஏறு. போறப்பவே சத்தமா வாசி."

ஐந்தாவது சொல்லில் சுவர் பின்னால் போய்விட்டது.

"மிச்சத்த ஆருலே வாசிப்பா? ஆஸ்பத்திரி நர்ஸா?"

"நீங்க வேகமா ஓட்டுறீக அண்ணே."

"வேகமாப் போறவனுக்குத்தானலே எழுதுறோம்."

வண்டியைத் திருப்பி வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டார். பத்தொன்பது ஆண்டுகள் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசி ஐந்து மாதம் மூச்சுத்திணறலோடு அவர் படுத்திருந்தபோது தினமும் போனேன். அந்தச் சுவர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

கருமாதியன்று அச்சங்குளத்துப் பட்டாசுத் தொழிலாளி ஒருவர் என் கையைப் பிடித்தார். "ரயில்வே கேட்டுச் சுவத்துல இருக்கது உங்க வாசகமாமே அண்ணாச்சி. 'என் தம்பி எழுதுனது'ன்னு உங்க அண்ணன் சொல்லுவாக. கேட்டு சாத்துனா, வண்டிய நிப்பாட்டிட்டு அம்புட்டுப் பேரும் அதத்தான் வாசிப்போம்."

நான் போகாத பாதை அது. மறுநாள் போனேன். ரயிலுக்காக இருபத்தேழு பைக்குகள் நின்றன. பன்னிரண்டு சொல்லையும் வாசிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது. அண்ணன் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார். 'பலர்' என்ற இடத்தில் 'ஒருவர்'. நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது. இன்னும் உறுத்துகிறது.

அண்ணனைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிய மருமகளுக்கும், வேலையை விட்டு வந்து தோள்கொடுத்த பெயின்டர்களுக்கும், ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த கேட்டில் நிற்க நேர்ந்தால் வாசித்துப் பாருங்கள். பதினோரு சொற்கள் என்னுடையவை.