புது மேனேஜரும் என் மெழுகுவர்த்தியும்

இன்று புதுச்சேரியில் ரெட்டியார்பாளையம் பேருந்தில், எங்கள் மில் கால்பந்துக் குழுவின் ரசிகர்கள் இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"புது மேனேஜர் வந்துட்டாராம்டா. மொத வேலையே கோல்கீப்பர தூக்கறதுதானாம்."

"தூக்கட்டும். குனிஞ்சு பந்த எடுக்கறதுக்குள்ள அந்தாளுக்கு மூச்சு வாங்குது."

அந்தக் கோல்கீப்பர் என் மகன் அந்துவான். ஆட்டத்துக்காகத்தான் மில்லில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள். ஆட்டம் போனால் வேலையும் போய்விடும். பயத்தில் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

ஒருவன் திரும்பிப் பார்த்தான். "ஐயோ, மதாம்! நீங்களா?" பிரெஞ்சு வழக்கப்படி எங்கள் ஊரில் மேடம் இன்னும் மதாம்தான்.

"மொதல்ல சீட்டு மேலேர்ந்து கால எடுப்பா" என்றேன்.

எடுத்தான். "கோச்சிக்காதீங்க மதாம். ஞாயித்துக்கிழமை மொத மேட்ச். வழக்கம்போல கோயில்ல மெழுகுவத்தி ஏத்திடுங்க. நீங்க ஏத்தாம நாம ஜெயிச்சதே இல்ல."

உண்மைதான். என் கணவர் ஆடிய காலத்திலிருந்து ஏற்றி வருகிறேன். ஆனால் இந்த முறை அந்துவான் இல்லாமலே ஜெயித்துவிட்டால், பிறகு அவனை யார் கூப்பிடுவார்கள்?

மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டேன். மாதாவிடம் என்ன கேட்பதென்றுதான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஞாயிறு பூசைக்கு முன் சொல்லுங்கள்.