ரயில் மெட்டும் ஆற்று மெட்டும்

அப்பாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இப்படியான மலர்களில் மறைந்தவரை அஞ்சா நெஞ்சர் என்று எழுதுவது எங்கள் ஆட்களின் வழக்கம். இங்கே பலெர்மோவில் எனக்குக் கிடைத்த மலர்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றில் பயந்த மனிதர் ஒருவரைக்கூட நான் காணவில்லை. எங்கள் அப்பா பயந்தவர். காலையில் பயத்தோடு எழும்பி, பகலெல்லாம் பயந்து, செபமாலை சொல்லி முடித்துப் பயத்தோடே படுத்தவர்.

இதை இப்படியே எழுதப் போகிறேன் என்றதும் சித்தப்பா தொலைபேசியில் துள்ளினார்.

"உனக்கென்ன விசரே பிள்ளை? செத்த மனிசனைப் பயந்தாங்கொள்ளி எண்டு அச்சடிச்சுக் குடுக்கப் போறியோ? சனம் என்ன கதைக்கும்?"

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினார்.

"அவள் எழுதட்டும் தம்பி. அந்த மனிசன் பயந்தபடியாத்தான் என்ரை பிள்ளையள் இண்டைக்கு உயிரோடை இருக்குதுகள்."

சித்தப்பா தொலைபேசியை வைத்துவிட்டார்.

அப்பா தலைமன்னாரில் பிறந்தார். அவருடைய தகப்பனார் இறங்குதுறையில் மூட்டை சுமந்தவர். அப்போது அங்கே ரயில் நிலைய அதிபராக இருந்தவர் ஒரு பறங்கியர். அவர் வீட்டில் ஒரு கிராமபோனும் அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகளும் இருந்தன. பின்னேரங்களில் அப்பா அந்த வீட்டு வேலிக்கு வெளியே நின்று கேட்பார். பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது. மெட்டு மட்டும் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். பாட்டுகளின் பெயர் தெரியாததால் அவராகவே பெயர் வைத்துக்கொண்டார். குளம்புச் சத்தம் கேட்பது குதிரை மெட்டு. மூன்று பெண்கள் சேர்ந்து பாடுவது மூன்றக்கா மெட்டு. மெல்லத் தொடங்கி வரவர வேகம் பிடிப்பது ரயில் மெட்டு. அவசரமே இல்லாமல் நீண்டு போவது ஆற்று மெட்டு.

கலியாணமான புதிதில் அம்மாவுக்கு இந்த விசில் பிடிக்கவே இல்லையாம். வீட்டுக்குள் விசிலடித்தால் பாம்பு வரும் என்று சொல்வாராம். "பாம்புக்கு இங்கிலீசு விளங்காது, நீர் பயப்பிடாதையும்" என்பாராம் அப்பா. அந்தக் காலத்தில் அவர் மற்றவர்களைப் பார்த்துப் பயப்படாதே என்று சொல்லக்கூடிய ஆளாகத்தான் இருந்திருக்கிறார்.

போர் எங்களைத் தலைமன்னாரிலிருந்து பெயர்த்து, கடைசியில் வன்னியில் ஒரு வீதியோரத்தில் இருத்தியது. எங்கள் வீட்டு ஒழுங்கை தொடங்கும் இடத்தில், ஒரு வேப்பமரத்தின் கீழ் அப்பா சைக்கிள் திருத்தினார். வீட்டில் அண்ணா வளர்ந்துகொண்டிருந்தார். வளர்ந்த ஆண்பிள்ளை உள்ள வீடு அந்த நாட்களில் எப்படி இருந்தது என்று அங்கிருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இத்தாலியில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வாகனத்தில் வருவார்கள், பிள்ளையைக் கொண்டு போவார்கள். இன்றைக்கு ஒரு நிறச் சீருடை என்றால் நாளைக்கு இன்னொரு நிறம். அப்பா நிறம் பார்க்கவில்லை, எல்லாருக்கும் ஒரே அளவில் பயந்தார்.

வீதியில் யாராவது வருவது தெரிந்தால் அப்பா ரயில் மெட்டை அடிப்பார். அண்ணா பின்பக்கத்தால் ஓடிப் பனை வடலிக்குள் படுத்துக்கொள்வார். வந்தவர்கள் போய், தூசியும் அடங்கிய பிறகு ஆற்று மெட்டு. அது கேட்டால்தான் வெளியே வரலாம். சினிமாப் பாட்டோ ஞானப்பாட்டோ என்றால் வழியில் போகிற எவரும் தற்செயலாக விசிலடித்துவிடக்கூடும். அமெரிக்கக்காரரின் பழைய மெட்டை அடிக்க அந்த வீதியில் எங்கள் அப்பாவைத் தவிர வேறு ஆளில்லை. அதையெல்லாம் யோசித்துத்தான் அவர் தேர்ந்தெடுத்தார்.

ஒரு மெட்டுக்கும் மற்ற மெட்டுக்கும் நடுவில் வீட்டில் யாரும் பேச மாட்டோம். கறி அடிப்பிடிக்கும், அம்மா அதைப் பார்த்தபடியே இருப்பார், கிளற மாட்டார். இன்றைக்கும் அடிப்பிடித்த கறியின் மணம் வந்தால் என் காது தானாக ஆற்று மெட்டைத் தேடுகிறது.

ஒரு நாள் சீருடை போட்ட இளைஞர் ஒருவர் காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவரைத் தூரத்தில் கண்டதுமே அப்பா ரயில் மெட்டை அடித்துவிட்டார், அண்ணாவும் ஓடிவிட்டார். ஒட்டுப் போடச் சொன்ன இளைஞர் மரத்தடியிலேயே குந்திவிட்டார். நான் படலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா வடிவா விசிலடிக்கிறியள். என்ன பாட்டு அது?"

"பழைய அமெரிக்கப் பாட்டு தம்பி. சின்னனிலை கேட்டது."

"இன்னொருக்கா அடியுங்கோ."

அப்பா அடித்தார்.

"நல்லாயிருக்கு. வேறை ஒண்டு அடியுங்கோ."

அப்பாவுக்கு எத்தனையோ மெட்டுகள் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் எந்த மெட்டு வந்து விழும் என்று தனக்கே தெரியவில்லை என்று பிறகு சொன்னார். ஆற்று மெட்டுத்தான் நாக்கு நுனியில் நின்றதாம். அது வெளியே வந்திருந்தால், அண்ணா வடலியிலிருந்து எழும்பி, உடுப்பில் மண்ணைத் தட்டிக்கொண்டு நேரே அந்த இளைஞரின் முன்னால் வந்து நின்றிருப்பார்.

"எனக்கு இது ஒண்டுதான் தெரியும் தம்பி," என்றார் அப்பா.

"அப்ப அதையே அடியுங்கோ."

ஒட்டுக் காய்ந்து, டயருக்குக் காற்றடித்து முடியும்வரை அப்பா அதையே அடித்தார். அந்த இளைஞர் தொடையில் தாளம் போட்டார். அவரும் யாரோ பெற்ற பிள்ளைதான், மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவர் போன பிறகும் ஆற்று மெட்டு வர நெடுநேரம் சென்றது. அப்பாவுக்கு உதடு கூடவில்லை.

போர் முடிந்து, முகாமுக்குள் இருந்து வெளியே வந்த பிறகு நான் கலியாணமாகிப் பலெர்மோவுக்கு வந்தேன். பிறகு அம்மாவையும் அப்பாவையும் இங்கே கூப்பிட்டு எடுத்தேன். அண்ணா வேறு பாதையால் வந்து சேர்ந்தார். என்ன பாதை என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பலெர்மோவுக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பழம் பறிக்கப் போனார். இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ மட்டும் அவருக்கு வராமல் இழுத்துக்கொண்டே இருந்தது.

இங்கேயும் அப்பாவின் பயம் குறையவில்லை. வாசல் மணி அடித்தால் குசினிக்குள் போய்விடுவார். பேருந்தில் டிக்கெட் பார்க்கிறவர் ஏறினால், அவர் கேட்க முதலே டிக்கெட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வீட்டில் தனியே விட மனமில்லாமல் நான் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பொலிதேயாமா அரங்குக்குப் பின்தெருவில் தனியே வாழும் வயதான சின்யோராவின் வீடு அது. நான் தரை துடைக்க, அப்பா பால்கனியில் இருந்து குதிரை மெட்டை மெல்ல அடித்தார். உள்ளேயிருந்து ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வந்த சின்யோரா, கதவருகில் நின்று மிச்சத்தைப் பாடி முடித்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதர். அப்பாவுக்கு இத்தாலிய மொழியில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. அப்பா ஒரு மெட்டை அடிப்பார், சின்யோரா பாடுவார். சின்யோரா ஒன்றைத் தொடங்குவார், அப்பா கண்டுபிடிப்பார். ரயில் மெட்டை மட்டும் அப்பா அங்கே தொட்டதே இல்லை.

சின்யோராவின் பிறந்தநாள் வந்தது. அவருடைய தங்கையின் மகன் பழைய இசைத்தட்டுப் பெட்டியைத் திருத்திக் கொண்டுவந்து வைத்தார். அமெரிக்கப் பழைய பாட்டுகளின் விழா என்று சின்யோரா பெயரும் வைத்து, எங்கள் குடும்பம் முழுவதையும் அழைத்தார். அம்மா ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார். மூன்றக்கா மெட்டு வந்தபோது என் மகள் "அம்மப்பா, அந்தியாமோ, ஆட வாங்கோ!" என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள். சின்யோரா ஊன்றுகோலோடு ஆடினார். அப்பா பயத்தை மறந்து சிரித்து நான் கண்டது அந்த ஒரு பின்னேரம்தான்.

அடுத்த தட்டு மெல்லத் தொடங்கி வரவர வேகம் பிடித்தது.

அப்பா ஆடுவதை நிறுத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணாவின் கதிரை வெறுமையாக இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது. அவருடைய கைத்தொலைபேசி கேக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் கொடுத்த விண்ணப்பத் துண்டு, கதிரையில் மாட்டியிருந்த ஜாக்கெட்டின் பைக்குள் இருந்தது. வழியில் யாராவது மறித்தால் காட்ட அவரிடம் ஒன்றுமே இல்லை. ஓடுகிற கறுத்த மனிதனை யார்தான் மறிக்காமல் விடுவார்கள்?

தெருத்தெருவாகத் தேடினோம். ரயில் நிலையத்தில் தேடினோம். துறைமுகப் பக்கம் போனபோது எனக்கு வந்த நினைப்பை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா கார்க்கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டபடி இருந்தார். அப்பாதான் சொன்னார்.

"மரம் இருக்கிற இடத்துக்குத்தான் போயிருப்பான். தோட்டத்துக்கு விடச் சொல்லு பிள்ளை."

என் கணவர் சியாகுல்லிக்குக் காரை விட்டார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அது மண்டரின் பிந்திப் பழுக்கும் காலம், மரங்களில் பழம் தொங்கியது. அப்பா எங்களை வீதியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, வரிசைகளுக்குள் தனியே நடந்தார். பலெர்மோவுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் ஆற்று மெட்டை அடித்து நான் கேட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது. நின்று அடித்தார், நடந்து அடித்தார். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போனார். பதில் இல்லை. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் கையில் அழுந்தியது. என் பிள்ளை அழத் தொடங்கினாள். அவள் வாயை நான் பொத்தினேன், வன்னியில் அம்மா என் வாயைப் பொத்தியதுபோல.

பிறகு ஒரு மரத்தின் கீழ்க்கொப்பு அசைந்தது. விழாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முழுவதும் மண்ணோடு அண்ணா வெளியே வந்தார்.

"ஆரப்பா வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை மகன். அது பாட்டுப் பெட்டி."

"போயிட்டினமோ?"

அப்பா அண்ணாவின் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"ஓம் மகன், போயிட்டினம். வா, வீட்டை போவம்."

அடுத்த கிழமை நான் நடந்ததைச் சின்யோராவுக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் என் கையை விடவில்லை. தான் சிறுமியாக இருந்தபோது பலெர்மோவில் குண்டு விழுந்ததையும், நிலத்தடியில் ஒளிந்திருந்ததையும் சொன்னார். ஒரு நாள் மேலே வீதியில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டு போனார்களாம். தாய் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இனி வெளியே போகலாம் என்றாராம். அது எங்கள் ரயில் மெட்டு. "குண்டு போட்டவர்களும் அவர்கள்தான், பாட்டுப் பாடினவர்களும் அவர்கள்தான். நான் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டேன்," என்றார் சின்யோரா. இதைக் கேட்ட அண்ணா, "அவ குடுத்து வைச்சவ" என்றார்.

அண்ணாவின் பெர்மெஸ்ஸோ ஒருவழியாக வந்தது. அதை வாங்கப் போன அன்று அப்பா அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வரிசையில் நின்றார். இனிப் பயமில்லை என்று நாங்கள் நினைத்திருந்தபோது, ஒரு காலை கோப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா மேசையில் சரிந்தார். ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வாய் கோணியது, பேச்சு போனது.

ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதெல்லாம் அப்பாவின் கண் அண்ணாவிடம் போகும். வந்தது மருந்து கொண்டுவரும் தாதிதான். ஆனால் அவரும் சீருடை போட்டிருந்தார். அசையக்கூடிய கையால் அப்பா அண்ணாவைத் தள்ளுவார். உதட்டைக் குவிக்கப் பார்ப்பார், வெறும் காற்றுத்தான் வரும். அந்தக் காற்று மெல்லத் தொடங்கி வேகம் பிடிப்பதை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா.

"அவனை ஓடச் சொல்லுறார் பிள்ளை," என்றார்.

அண்ணா தன் வாழ்நாளில் விசிலடித்தவரில்லை. எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு மட்டும் உரிய வேலை. அன்றைக்கு அவர் கட்டிலில் குனிந்து, அப்பாவின் காதுக்குக் கிட்ட ஆற்று மெட்டை அடித்தார். பாதிக்குமேல் சுருதி தப்பியது. மூச்சுப் பிடித்து முதலிலிருந்து மறுபடியும் அடித்தார்.

"அப்பா, எல்லாரும் போயிட்டினம். வெளியிலை வாங்கோ."

அப்பாவின் கை தள்ளுவதை நிறுத்தி, அண்ணாவின் விரலைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். நான் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தேன். அதில் பயம் இருக்கவில்லை.

கடைசி நேரத்தில் அப்பாவுக்கு நோயில்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தைக்கும், எங்களுக்கு அடுப்பெரிக்க விடாமல் சமைத்துக் கொண்டுவந்த அக்காமாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த தம்பிமாருக்கும் நன்றி. அன்றைக்குத் தோட்டத்துக்குள் கேள்வி கேட்காமல் விட்ட காவல்காரருக்கும், அப்பா பயப்படுகிறார் என்று அறிந்து சீருடைக்கு மேல் தன் சொந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த தாதிக்கும், முன்வரிசையில் வந்து இருக்கும் சின்யோராவுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். கோபித்துக்கொண்டாலும் அச்சுக்கூலியில் பாதியைக் கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி.

திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் நின்று அண்ணா ஆற்று மெட்டை அடிப்பார். சின்யோரா ரயில் மெட்டையும் கேட்டார். அதற்கு எங்களுக்கு இன்னும் நெஞ்சில் பலமில்லை, அவர் பொறுத்துக்கொள்ளட்டும். சுருதி தப்பினால் நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மெட்டுக் கேட்டால் எல்லாரும் பயமில்லாமல் வெளியே வரலாம். நான் மட்டும், வராத ஒருவருக்காகக் கொஞ்சநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னை யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.