குரல் கொடுக்காத அந்தோணி அண்ணன்

வெளிநாட்டில், மாசி என்ற ஊரைத் தாண்டி, பண்ணைகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு குன்று. எங்கும் சேறும் புதரும். என்னைக் கூட்டிவந்த மன்னார்க்காரர் அந்தோணி அண்ணன் சிறுநீர் கழிக்கப் பாதையை விட்டு ஒதுங்கியதுமே மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்தில் பெரும் பள்ளம் வேறு.

நான் கூப்பிடும்போதெல்லாம், "ஓம், வாறன்" என்று பதில் வருகிறது. சத்தம் கேட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் டார்ச்சும் நாயுமாக ஏறிவந்து, என்னிடம் பேரைக் கேட்டுக்கொண்டு, "அந்தோணி!" என்று கத்துகிறார். அத்தோடு பதில் நின்றுபோகிறது.

"விழுந்துட்டாரோ?" என்கிறார் பண்ணைக்காரர்.

நான் பள்ளத்துப் பக்கம் இரண்டடி வைக்கிறேன். பிறகுதான் உறைக்கிறது.

"இல்லை, பயப்படுறார். அவர் ஊர்ல சண்டை நடந்த காலத்துல ஆர்மிக்காரங்க இப்படித்தான் வந்து ஆளைப் பிடிச்சுட்டுப் போவாங்க. டார்ச்சோட வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரும் மூச்சு விடமாட்டாங்க. நீங்க கொஞ்சம் கீழே போயிடுங்க."

அவர் டார்ச்சை அணைத்து, நாயோடு இறங்குகிறார்.

"அண்ணே, நான் மட்டும்தான் நிக்கிறேன்."

பத்தடியில் புதர் அசைகிறது. இடுப்புவரை சேற்றோடு வருகிறார்.

"லைற்றோட வந்தவன் ஆர்?"

"ஆட்டுப் பண்ணைக்காரர் அண்ணே. உங்களைத் தேடத்தான் வந்தார். கீழே கேட்ல நிக்கிறார்."

கீழ்ப்பக்கம் எட்டிப் பார்க்கிறார்.

"அப்ப, நீ முன்னுக்கு நட."