சாயாத காரில் குறிகட்டுவான் வரை

புதன்கிழமை காலை ஐந்து இருபதுக்குக் கொட்டடியில் இருந்து புறப்பட்டேன். கார் என்னுடைய பழைய ஏ-40. போகவேண்டிய இடம் குறிகட்டுவான் துறை. பண்ணைக் கடல்பாதை வழியாக இருபது மைலுக்குச் சற்றுக் கூட. நயினாதீவில் இருந்து முதல் வள்ளத்தில் என் அக்காவும் அத்தானும் வந்திறங்குவார்கள். அக்காவை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி, பின்னேரம் திரும்பவும் துறையில் விடவேண்டும். தீவுப்பக்கம் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் கடல் பார்க்கப் போவார்கள். என் பயணத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு முதுகெலும்பில் கட்டி. ஆறு புதன்கிழமைகள் விடாமல் வந்து மருந்து ஏற்றினால் வலி அடங்கும், கொஞ்சக் காலம் எழுந்து நடமாடலாம் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். இடையில் விட்டால் ஏற்றியதும் வீண். முதல் புதன் வந்தவள் பாதி வழியில் அழுதாள். மூன்று பிள்ளை பெற்றும் சத்தம் காட்டாத மனுசி அவள். திரும்பி வள்ளத்தில் ஏறும்போது, "இனி ஏலாது தம்பி, என்னை விட்டிடு" என்றாள். நான் விடவில்லை. "அடுத்த புதன் கார் இப்பிடி ஆடாது. அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவள் அழுததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஏ-40 உயரமான கார். வளைவில் திருப்பினால் கள்ளுக் குடித்தவனைப்போல ஒரு பக்கம் சரியும். அக்கா கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். நாவாந்துறையில் கராச் வைத்திருக்கும் மரியதாசிடம் அடுத்த நாளே போனேன். பின் அச்சோடு குறுக்காக ஓடும் வளைந்த இரும்புத் தண்டு ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கச் சில்லுகளையும் சேர்த்துக் கட்டி, கார் சரியாமல் பார்ப்பது அதன் வேலை. என் காரில் இருந்தது சின்னவிரல் மொத்தம். மரியதாஸ் ஏதோ ஒரு பழைய வான் வண்டியில் கழற்றிய கட்டைவிரல் மொத்தத் தண்டைச் சூடாக்கி வளைத்து, புது இறப்பர் வைத்து மாட்டித் தந்தார். அறுபது ரூபா.

"பின்னுக்கு ஆரையும் ஏத்திக்கொண்டு ஒருக்கா ஓடிப் பாருங்கோ ஐயா" என்றார்.

"நான்தானே ஓட்டுறது" என்றேன்.

தனியாக ஓட்டிப் பார்த்தேன். நாற்பது மைல் வேகத்தில் திருப்பினாலும் கார் மேசையைப்போல நின்றது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

ஐந்து நாற்பது. பண்ணைப் பாதையில் இரண்டு பக்கமும் கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. மீனுக்கு நட்ட தடிகளில் கடற்காகங்கள் அசையாமல் இருந்தன. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டில் இருந்து வெளியே வந்தன. பனைகளும் மணலும்தான், ஒரு தேத்தண்ணிக் கடைகூடத் திறந்திருக்கவில்லை. வேலணையில் ஒரு மாட்டுக்கு விலத்தி, வேண்டுமென்றே இன்னொரு தரமும் காரை வெட்டித் திருப்பிப் பார்த்தேன். சரியவில்லை.

ஆறரைக்கு வள்ளம் வந்தது. காற்றுக் கடுமையாக இருந்ததால் அது நன்றாக ஆடிக்கொண்டே அணைந்தது. அத்தானும் வள்ளக்காரரும் அக்காவை அவள் இருந்த கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். ஒரு வாரத்தில் இன்னும் மெலிந்திருந்தாள்.

"வள்ளத்திலை வலிச்சதோ அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லையடா. தொட்டில் மாதிரித்தானே வந்தது" என்றாள்.

அந்தப் பதில் என் காதில் விழுந்தது. மூளையில் ஏறவில்லை. நான் காரின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டி, புதுத் தண்டைப் பற்றி அத்தானுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் நயினாதீவில் தோட்டம் செய்கிறவர், கார் ஓட்டத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பின் சீற்றில் ஏறி, அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

புங்குடுதீவுப் பாலம் தாண்டி வேலணை வரை வழி பரவாயில்லை. வேலணை வளைவில், "பாத்தியளே அக்கா, இப்ப சரியுதே?" என்று கேட்டேன். "இல்லை" என்றாள். மண்கும்பானில் நிலைமை வேறு. அங்கே அள்ளும் மணல் எல்லாம் ரக்டரில் யாழ்ப்பாணத்துக்குத்தான் போகிறது. பாரத்தோடு போகும் பக்கம் உடைந்து கிடங்கும் பள்ளமுமாகிவிட்டது. வெறும் ரக்டர் திரும்பி வரும் பக்கம் அப்படியே இருக்கிறது. காலையில் நான் வந்தது நல்ல பக்கம். இப்போது இடது சில்லுகள் இரண்டும் கிடங்குக்குள் விழுந்து விழுந்து எழும்பின. ஒவ்வொரு விழுகைக்கும் காரின் பின்பக்கம் முழுதாகத் துள்ளியது. நான் பாதையைத் திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

"தம்பி, ஒருக்கா நிப்பாட்டும்" என்றார் அத்தான்.

நேரம் ஏழு ஐம்பது. நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை.

"உம்மடை அக்கா சொல்லமாட்டா. நான் சொல்லுறன்" என்றார் அத்தான். "போனமுறை கார் சரிஞ்சது உண்மைதான். சரிஞ்சால் நான் தாங்கிப் பிடிச்சன். இது சரியேல்லை, இடிக்குது. ஒரு சில்லு விழ மற்றச் சில்லும் சேர்ந்து துள்ளுது. ஒவ்வொரு இடியும் அவவின்ரை முதுகிலைதான் விழுது. தாங்கிப் பிடிக்க ஏலாமல் கிடக்கு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். அறுபது ரூபா, ஒரு நாள் லீவு, அவ்வளவு ஓட்டம் எல்லாம் இதற்கா என்று. கார் ஓட்டத் தெரியாத மனுசன் எனக்குச் சொல்ல வந்துவிட்டார் என்றும் நினைத்தேன். பிறகுதான் அக்காவைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன் அக்கா சொல்லேல்லை? நான் கேட்டனான்தானே?"

"நீ ஆசைப்பட்டுச் செய்தனீ" என்றாள். "எப்பிடியடா சொல்லுறது?"

அதற்குமேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஜாக்கியையும் ஸ்பனரையும் எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே போனேன். தண்டை அச்சோடு தொடுக்கும் இரண்டு பக்க நட்டையும் கழற்றினால் போதும். அது சும்மா தொங்கும், யாரையும் தொந்தரவு செய்யாது. தொங்குகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கக்கூடாது என்று முழுதாகவே கழற்றினேன். மணல் ஏற்றி வந்த ரக்டர்காரன் ஒருவன் நிறுத்திக் குனிந்து பார்த்தான்.

"என்ன அண்ணை, உடைஞ்சு போச்சே?"

"உடையேல்லை. கழட்டுறன்."

"நல்ல சாமானாக் கிடக்கு. ஏன் கழட்டுறியள்?"

நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். மண்ணும் கிறீசும் கண்ணுக்குள் போயிருந்தன. அவனுக்கும் அது போதுமாக இருந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் ஜாக்கியை இறக்க ஒரு கை கொடுத்துவிட்டுப் போனான்.

மிச்ச வழியைப் பத்து மைல் வேகத்தில், வளைவுகளில் இன்னும் மெதுவாக ஓட்டினேன். கார் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. அல்லைப்பிட்டிக்குப் பிறகு அக்கா தலைப்பை வாயில் இருந்து எடுத்தாள். ஒன்பதேகாலுக்கு ஆஸ்பத்திரி. மருந்து ஏறி முடியப் பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. பின்னேரம் திரும்பும்போது அவள் வேலணை வரை நித்திரை கொண்டாள். நாலரை வள்ளத்தில் ஏற்றிவிட்டு, "அடுத்த புதனும் இதிலை நிப்பன்" என்றேன். அவள் என் சட்டையில் இருந்த கிறீஸ் கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு ஊறவைக்கச் சொன்னாள்.

அடுத்த புதன் ஆறு இருபதுக்கே துறையில் நின்றேன். பின் சீற்றில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டிருந்தேன். வள்ளம் வந்தது. அத்தான் மட்டும் இறங்கினார். கதிரை இல்லை.

அவர் நேரே என்னிடம் வந்து மெத்தையைப் பார்த்தார். அதன்பிறகு என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அவ வரமாட்டாவாம். உடம்பு தாங்காதாம். இனி ஒரு நாளும் வரமாட்டாவாம். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். தம்பி விடிய வந்து காவல் நிப்பான், போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ எண்டு என்னை அனுப்பினவ. காரிலை பிழை இல்லையெண்டும் சொல்லச் சொன்னவ."

வள்ளக்காரர் திரும்பிப் போக ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு ஆளுக்கு ஐம்பது சதம். அக்கா கலியாணம் முடித்து அந்தத் தீவுக்குப் போய்ப் பத்தொன்பது வருடம். நான் அங்கே போன தடவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கார் வாங்கிய பிறகு ஒருமுறைகூட இல்லை. காரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் நான் எப்போதும் சொல்லும் காரணம்.

காரைப் பூட்டினேன். மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். அத்தான் திடுக்கிட்டுப் போனார்.

"அங்கை வந்து நீர் என்ன செய்யப்போறீர் தம்பி?"

"ஒண்டும் செய்ய வரேல்லை அத்தான். அக்காவோடை இருக்க வாறன்."

அவர் பலகையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். வள்ளக்காரர் கயிற்றை அவிழ்த்தார்.