மச்சானுடைய சாமை பீரும் நான் போட்ட மார்க்கும்

பிள்ளைகளே, உங்கள் மாமாவின் பீருக்கு நான் வேண்டுமென்றே மார்க்கைக் குறைத்தேன் என்று சொந்தக்காரர்கள் நடுவில் ஒரு பேச்சு இருக்கிறது. உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அவன்மேல் எனக்குப் பொறாமை உண்டு, அதை மறைக்கவில்லை. மார்க் விஷயம் மட்டும் வேறு.

பெங்களூரில் பீர் காய்ச்சும் வேலைக்கு முதலில் போனவன் நான். தொட்டி கழுவ ஆரம்பித்து, காய்ச்சுகிறவனாக ஆனேன். உங்கள் அம்மா கேட்டுக்கொண்டாள் என்று அவள் தம்பியையும் கச்சிராயபாளையத்திலிருந்து கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவன் வேறு கம்பெனிக்குப் போனான். நம் ஊர்ப் பக்கம் மலைமேல் இருக்கும் கரியாலூரில் சாமை வாங்கி, அதில் பீர் செய்தான். பேப்பரில் போட்டோ வந்தது. அம்மா அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். சாமை நமக்கும் தெரிந்ததுதானே, நமக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பீர் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். கிளாஸில் நம்பர் மட்டும்தான் இருக்கும். யார் செய்தது என்று சொல்லமாட்டார்கள். முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகு ஒரு வாய், பிறகு தண்ணீரும் ஒரு துண்டு பிரெட்டும். சிறுதானிய பீர்கள் எங்கள் மேசைக்கு வந்தன. அவனும் அனுப்பியிருக்கிறான் என்று தெரியும், எது என்று தெரியாது.

ஒரு கிளாஸ் வாயில் பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவு சுத்தம். இது அவனுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். குறை தேடினேன். மறுபடி மோந்தேன், மறுபடி குடித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பேனா நகரமாட்டேன் என்றது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் மேலான மார்க்கைப் போட்டேன்.

அடுத்த கிளாஸில் வெண்ணெய் வாடை. நொதித்து முடியும் முன்பே அவசரப்பட்டுக் குளிரவைத்தால் அப்படி வரும். யாரோ கத்துக்குட்டி என்று நினைத்து, யோசிக்காமல் மார்க்கைக் குறைத்தேன்.

முடிவு சொன்னார்கள். முதல் பரிசு, எனக்கு முகமே தெரியாத ஒரு பெண்ணுக்கு. வெண்ணெய் வாடைதான் உங்கள் மாமாவுடையது.

அவன் என்னோடு பேசுவதை விட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கோமுகி அணைப் பக்கம் மீன் வறுக்கும் கடையில் மடக்கினான்.

“இன்னா ஜட்ஜய்யா! சொந்த மச்சான்னு தெரிஞ்சே கவுத்துட்டீங்களே மாமா. வயித்தெரிச்சல் அவ்ளோ ஜாஸ்தியா?”

“ஜாஸ்திதான்டா. ஆனா பஸ்ட்டு வந்துச்சே, அத உன்துன்னு நெனச்சிக்கினுதான் மார்க்கு போட்டேன்.”

மீனைப் பிட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

“அவ்ளோ நல்லா நான் செய்வேன்னு நெனச்சீங்களா?”

“நெனச்சதாலதான்டா அன்னிக்கு சோறு எறங்கல.”

சிரித்துவிட்டான். “இத எங்கக்காகிட்ட சொன்னா நம்பவே நம்பாது மாமா.”

பெங்களூர் திரும்பியதும், புதிதாகக் காய்ச்சியதை ருசி பார்க்கக் கூப்பிட்டான். போனேன். தொட்டியிலிருந்தே பிடித்துக் கொடுத்தான். வெண்ணெய் வாடை துளியும் இல்லை.

“எப்டி மாமா?”

“நல்லாத்தான் இருக்குது” என்றேன். இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கி, குறை தேடிக்கொண்டே குடித்தேன்.