கணினி மெதுவாக இருந்த மாதங்கள்

எங்கள் வீட்டுக் கணினியின் ஆளியை அழுத்திவிட்டு என் மனைவி குசினிக்குப் போவாள். தேத்தண்ணி வைத்து, ஆற்றி, எனக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து தரும் வரைக்கும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் இளைப்பாறிய வருடம் வாங்கிய கணினி அது. உடுவிலில் எங்கள் வீட்டு முன்னறையில், மனைவி தைத்த துணி உறையைப் போர்த்திக்கொண்டு இருந்தது. அது மெதுவானது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது மெதுவாகவே இருக்கட்டும் என்று நான் விரும்பியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். கனடாவில் இருக்கிறாள். இரண்டாவது பிள்ளை ஆவணியில் என்று மாசி மாதம் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் பக்கத்தில் நிற்பது எழுதாத சட்டம். மகள் கடல் கடந்து போனால் தாயும் விமானம் ஏறுவாள். சரக்குத்தூள் அரைத்து, பத்தியக் கறி வைத்து, முப்பத்தொரு நாளும் மகளைத் தண்ணீரில் கை வைக்க விடாமல் பார்ப்பாள். முதல் பிள்ளைக்கு என் மனைவி அப்படித்தான் போய் நின்றாள். இந்த முறையும் போக வேண்டும் என்று மாசியிலேயே மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் வாங்கி வெயிலில் காயவைத்தாள்.

விசா விண்ணப்பத்தை மகளே அங்கிருந்து நிரப்பி அனுப்புவாள். நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. காணி உறுதி, வங்கிக் கணக்கு, விவாகப் பதிவு, பழைய கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஸ்கான் எடுத்து அனுப்ப வேண்டும். சந்தியில் அதற்குக் கடை இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் காணி உறுதியையும் வங்கிக் கணக்கையும் சந்திக் கடையில் கொடுக்க எவருக்கும் மனம் வராது. கடைக்காரர் பார்ப்பார், அவருக்குப் பின்னால் நிற்கிறவர் பார்ப்பார், பின்னேரம் கோயிலில் ஒருவர் வந்து, "வெளிக்கிடப் போறியளாம், காணியை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்பார். அதனால் வீட்டில்தான் எடுப்பது என்று நான் சொன்னதும் மனைவி மறுபேச்சில்லாமல் ஓமென்றாள். தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தோம். எழுத்து மங்கல், சரிவராது என்றாள் மகள். என் நிழல் தாளின்மேல் விழும்படி நின்று பிடித்தவன் நான்.

வீட்டிலே ஸ்கானர் இருந்தது. அதை இயக்கினால் கணினி அப்படியே உறைந்துபோகும். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் போனேன். அங்கே ரியூசன் கொட்டில் ஒன்றுக்கு அருகில் திருத்தும் கடை. கடைக்காரர் பருத்த உடம்புக்காரர். வாய் ஓயாது.

"ஐயா, இவர் வேலைக்கு வந்து எவ்வளவு காலம்?" என்றார், கணினியின் தலையில் தட்டி.

"பத்து வருசத்துக்கு மேல."

"அப்ப பென்சன் குடுத்திருக்க வேணும். எண்டாலும் ஆள் நல்ல ஆள். உள்ளுக்கை கிடக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப்போட்டு எஸ்.எஸ்.டி. ஒண்டு போட்டு, ரம்மையும் கொஞ்சம் கூட்டிவிட்டா எழும்பி ஓடுவார். அரை மணித்தியால வேலை. இருங்கோ, இப்பவே செய்து தாறன்."

"இல்லை, வீட்டிலை கேட்டிட்டு வாறன்."

"என்ன ஐயா, உவருக்கும் சாதகம் பாக்கப் போறியளோ?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பெட்டியைத் திரும்ப ஓட்டோவில் ஏற்றினேன்.

"என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி.

"பழசாம். திருத்திறதோ புதிசு வாங்கிறதோ எண்டு ஆறுதலா யோசிக்க வேணுமாம்."

அது அவர் சொன்னதல்ல, நான் சொன்னது. நான் அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். ஒரு கோப்பினை மறுக்காமலே நிறுத்திவைக்க எனக்குத் தெரியும். மறுத்தால் மேன்முறையீடு வரும். இன்னொரு விலைக்கோரல் கேட்டால் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த வித்தையை நான் என் மனைவியிடம் காட்டினேன்.

திருத்துவோம் என்றாள் மனைவி. கிழட்டு உடம்புக்குள் புது உறுப்பை வைத்தால் நாளைக்கு வேறொன்று பழுதாகும் என்றேன். ஒரு கிழமை யோசித்துவிட்டு, அப்படியானால் புதிதாகவே வாங்குவம் என்றாள். புதியதோடு எங்கள் பழைய ஸ்கானர் சேராது, என்னுடைய கடிதங்களெல்லாம் இதற்குள்தான் கிடக்கின்றன, நல்ல கணினியைத் திருத்தாமல் எறிவது வீண் என்றேன். "அப்ப திருத்துங்கோவன்," என்றாள். வேறு கடையிலும் கேட்டுப் பார்ப்போம் என்றேன். அவள் எந்தப் பக்கம் வந்தாலும் நான் மற்றப் பக்கத்தில் நின்றேன். நடுவில் மருமகன் ஒரு யோசனை சொன்னார். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சிநேகிதர் ஒருவரிடம் ஒரு மடிக்கணினி கொடுத்துவிடுகிறேன் என்றார். அதற்கு மட்டும் நான் உடனே சம்மதித்தேன். சொல்லப்பட்ட வழிகளில் ஆகப் பிந்தி வருவது அதுதான்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று எழுதத்தான் இவ்வளவும்.

முதல் பிள்ளைக்கு மனைவி போனபோது நான் ஆறு மாதம் இந்த வீட்டில் தனியாக இருந்தேன். பகலில் ஒன்றும் இல்லை. பொழுது படத் தொடங்கினால் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பேன். அப்போதும் இருக்க முடியாது. சில நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூர்க் கோயில் வீதிக்குப் போய், கச்சான் கடலை விற்கிற இடத்தில் சும்மா நிற்பேன். சில நாள் பஸ் ஏறிக் கீரிமலைக்குப் போய், கேணிப் படியில் குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு, திரும்பி வருகிற கடைசி பஸ் வரைக்கும் இருப்பேன். ஆட்கள் இருந்தால் போதும், யாரென்று கவலையில்லை. மகள் தொலைபேசியில் கேட்டால், "எனக்கென்ன குறை, நிம்மதியா இருக்கிறன்," என்பேன். என் வயதில், என் படிப்போடு, இருட்டுக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது?

சேர்ந்து போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு முன்னொரு முறை போயிருந்தேன். உயரமான மாடி, வெளியே பனி, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு யன்னலோரம் நானும் ஒரு கதிரையும். மூன்று மாதத்துக்கு எடுத்த பயணத்தை முதல் மாதமே முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயும் இருக்க முடியாது, இங்கே தனியாகவும் இருக்க முடியாது. மனைவி போகாமல் இருந்தால் மட்டுமே எனக்கு வழி இருந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் கணினியை முன்னால் விட்டேன்.

ஆனியில் ஒருநாள் மகள் தொலைபேசி எடுத்தாள். மனைவி கிணற்றடியில் நின்றாள்.

"அப்பா, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அம்மாவுக்கு வர விருப்பமில்லையோ?"

"ஏன் பிள்ளை அப்பிடிக் கேக்கிறாய்?"

"நாலு கடுதாசி அனுப்ப நாலு மாசமோ? விருப்பமில்லையெண்டா நேரா சொல்லட்டும். நான் கோவிக்க மாட்டன். போன முறை வந்து கஷ்டப்பட்டவாதானே."

அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உன் தாய் மாசியிலிருந்து சரக்குக் காயவைக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான், "அம்மாவுக்கும் வயசு போகுதல்லோ," என்றேன். மகள், "சரி அப்பா. விளங்குது," என்றாள். கணினி விடயத்தில் நான் செய்த எல்லாவற்றிலும் தாயைப் பற்றி நான் சொன்ன அந்த ஒரு வசனம்தான் என்னை இன்றுவரைக்கும் விடவில்லை.

சொன்ன நாளுக்கு முந்தியே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. மருமகனுக்கு இரவு வேலை. மூத்ததையும் பச்சைப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு மகள் தனியாக நின்றாள். எங்களுக்குப் பொழுது படுகிற நேரம் அவளுக்குக் காலை. மனைவி தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "தலையை ஏந்திப் பிடி, பிள்ளை. கழுத்துக்குக் கீழே கையைக் குடு. தண்ணி சுடுதோ எண்டு முழங்கையாலை பார்," என்று சொல்லுவாள். மகள் ஓம், ஓம் என்பாள். வேறொன்றும் கதைக்க மாட்டாள். முந்தியெல்லாம் தாயும் மகளும் கதைக்கத் தொடங்கினால் சோறு கரியும். தொலைபேசியை வைத்த பிறகு மனைவி, "களைச்சுப் போனாள் போல, கதை குறைஞ்சு போச்சு," என்பாள். ஏன் குறைந்தது என்று தெரிந்த நான் பக்கத்தில் இருந்து ஓமென்பேன். சரக்குத்தூளைப் போத்தலில் அடைத்துப் பார்சலில் அனுப்பினோம். மடிக்கணினி கொண்டுவர இருந்தவர் பெட்டியில் இடமில்லை என்று வெறுங்கையோடு வந்து தேர் பார்த்துவிட்டுப் போனார்.

தொலைபேசியில் பேரனின் முகம் வடிவாகத் தெரியவில்லை, பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றாள் மனைவி. என்னிடம் கேட்கவில்லை. கணினிப் பெட்டியின் பக்கத்தில் நல்லூர்க் கடைக்காரர் அன்று ஒட்டிவிட்ட இலக்கத்துக்குத் தானே தொலைபேசி எடுத்தாள். கடைக்காரர் அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். முன்னறையில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, பெட்டியைத் திறந்து, பழையதில் கிடந்ததையெல்லாம் புதியதுக்கு மாற்றி, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டார். ஆளியை அழுத்தினார். நான் ஒரு மூச்சு விடுவதற்குள் திரை வந்துவிட்டது.

"பாத்தியளோ அம்மா, ஆள் எழும்பிற வேகத்தை," என்றார். "இதைத்தான் நான் சித்திரையிலை ஐயாட்டைச் சொன்னனான். அரை மணித்தியால வேலை, இருங்கோ எண்டு. ஐயா சாதகம் பாக்கக் கொண்டு போட்டார்."

மனைவி சிரிக்கவில்லை. அவருக்குப் பலகாரம் கொடுத்தாள், கூலி கொடுத்தாள், படலை வரைக்கும் போய் அனுப்பிவைத்தாள். திரும்பி வந்து கதிரையில் இருந்தாள்.

"சித்திரையிலை சொன்னவரோ?"

"ஓம்."

"உந்த ஒண்டைத்தான் செய்ய வேண்டிக் கிடந்ததோ?"

"ஓம்."

"ஏன்?"

சொன்னேன். விளக்குகள், தொலைக்காட்சி, கச்சான்காரி, கீரிமலைக் கேணி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதை வாயாலை சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொன்னா நீ நிண்டிருப்பாய்."

"நிண்டிருப்பன்தான். நிண்டு, கொப்பாவுக்குத் தனிய இருக்கப் பயமாம், அதாலை நிக்கிறன் எண்டு பிள்ளைக்குச் சொல்லியிருப்பன். அவள் சிரிச்சிருப்பாள். இல்லாட்டி அங்க ஒரு மனிசியைச் சம்பளத்துக்குப் பிடிச்சிருப்பாள். இப்ப அவளுக்கும் ஒண்டும் தெரியாது, எனக்கும் ஒண்டும் தெரியாது."

மகளுக்கு நான் சொன்ன வசனத்தை அப்போது அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை. அடுத்த நாள் மகள் கணினித் திரையில் வந்தபோது, மனைவி வந்து இருப்பதற்கு முன், நான் போய் இருந்தேன். படம் மிகத் தெளிவாக இருந்தது. அவளுடைய கண்ணுக்குக் கீழ் கறுத்திருந்ததெல்லாம் தெரிந்தது.

"பிள்ளை, அம்மாவுக்கு விருப்பமில்லாமல் இல்லை. ஒருநாளும் இல்லை. நான்தான் விடேல்லை. கொம்பியூட்டரைச் சாட்டினனான். நீ கேட்ட அண்டைக்கும் பொய்தான் சொன்னனான்."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் பிள்ளை நெளிந்தது. அதைத் தட்டிக்கொண்டே பார்த்தாள். படம் உறைந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி உறைந்திருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அம்மாவைக் கூப்பிடுங்கோ," என்றாள்.

கூப்பிட்டேன். மனைவி வந்து இருந்தாள். நான் அறையை விட்டு வந்து முற்றத்தில் நின்றேன். இரண்டு பேரும் வெகுநேரம் கதைத்தார்கள். மகள் அழுதது கேட்டது. அதன் பிறகு சிரித்ததும் கேட்டது.

மறுநாள் காலை உறுதியையும் மற்றவற்றையும் ஸ்கானரில் வைத்து நானே அனுப்பினேன். மத்தியானத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவுக்கும் சேர்த்துப் போடவோ என்று மகள் கேட்டிருக்கிறாள். "அவருக்கு அந்தக் குளிர் ஒத்துவராது," என்று மனைவி பதில் சொன்னாள். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா, வேறு எண்ணத்தில் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

முந்தநாள் காலை பதில் வந்தது. மனைவி கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றாள். விசா கிடைத்திருந்தது. ஆறு மாதம் நிற்கலாம். வாசித்துவிட்டுத் திரையை அணைத்தேன். நிராகரிப்பு வரட்டும் என்று இரண்டு மாதமாகத் தினமும் காலையில் நினைத்துக்கொண்டுதான் அந்தக் கணினியைத் திறந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவள் குளித்து வந்தாள், சாமி கும்பிட்டாள், சமைத்தாள். மரக்கறியும் சொதியும். இருவரும் சாப்பிட்டோம். கை கழுவிய பிறகு சொன்னேன்.

"எப்ப வந்தது?" என்றாள்.

"காலமை."

கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்ப இந்த முறை ஒளிச்சது அரை நாள்தான்," என்றாள்.

பின்னேரம் அலுமாரிக்கு மேலே கிடந்த பயணப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். ஸ்ரூலில் ஏறி இறக்கிக் கொடுத்தேன்.