மூன்று விசில் எஞ்சின்

கள்ளக்குறிச்சியில் குக்கர் கெட்டுப்போனால் அது முதஸ்ஸிர் பாயிடம்தான் வரும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜவுளிக்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிற கடை. கேஸ்கெட்டும் வெயிட்டும் கைப்பிடியும் சரம் சரமாகத் தொங்கும். கொண்டுவந்தவர் பையிலிருந்து குக்கரை எடுப்பதற்குள் பாய் நோயைச் சொல்லிவிடுவார். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மாணவர் விடுதிகளிலிருந்துகூட அண்டா பெரிசுக்குக் குக்கர்கள் பஸ்ஸின் மேல் ஏறி அவரிடம் வந்துபோகும்.

அப்பேர்ப்பட்ட மனிதர், சென்ற ஆவணியில், தன் சொந்தத் தெருவிலிருந்து வந்த குக்கர்களின் முன்னால் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் திங்கட்கிழமைகளில் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: மூன்று விசில் வந்தும் பருப்பு வேகவில்லை. தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தால், பாய்க்குத் தொழில் மறந்துவிட்டது என்று பேசுவார்கள். ஆகவே நல்ல கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டு வேறொரு நல்ல கேஸ்கெட்டைப் போட்டுக் கொடுத்தார். கழற்றியவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுவைத்தார்.

நான்காவதாக வந்தவர் ஆண்டாளக்கா. முதஸ்ஸிர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. கீழ்த்தளத்தில் அவர் குடும்பம், மேல்தளத்தில் பாய் குடும்பம். கூடவே மருமகள் தேவிப்ரியாவும் வந்திருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்தான் திருக்கோவிலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாய், இந்தக் குக்கர் கெட்டுப்போச்சா, இல்ல இந்தப் பொண்ணு கெட்டுப்போச்சா, பாத்துச் சொல்லு" என்றார் ஆண்டாளக்கா.

"இன்னாக்கா ஆச்சு?"

"நான் ஹால்ல ஒக்காந்துக்கினு விசில எண்றேன். மூணு வருது. எறக்குன்றேன். எறக்கித் தெறந்தா பருப்பு ஜல்லிக்கல்லு மாதிரி கெடக்குது. அடுப்படியில நிக்கிறது யாரு? இவ. கரண்டியால வெயிட்டத் தூக்கிவுட்டு விசில் வரவெச்சிட்டு வெளிய ஓடியார்றா. எம்.எஸ்சி. கணக்குப் படிச்சவ பாரு, ஒண்ண மூணாக்கத் தெரியுது."

"நான் வெயிட்டத் தொடவே இல்ல அத்தை" என்றாள் தேவிப்ரியா. அதைப் பலமுறை சொல்லிச் சலித்த குரல் அது.

"மத்த நாள்ல எப்படி வேகுது?" என்று கேட்டார் முதஸ்ஸிர்.

"மத்த நாள்ல வெண்ண மாதிரி வேகுது. ஞாயித்துக்கெழம ஆனா இவ புருசன் வூட்ல இருக்கான். இவளுக்கு அடுப்படியில கால் நிக்கல."

முதஸ்ஸிரின் கையிலிருந்த கேஸ்கெட் நழுவிக் கீழே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையில்தான் அவருடைய ரயில் ஓடும்.

மொட்டை மாடியில் அவர் ஒரு ரயில்பாதை போட்டிருந்தார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓடி, மூலையில் செங்கல் சல்லியும் சிமென்டும் குழைத்துக் கட்டிய கல்வராயன் மலைக்குள் புகுந்து வெளியே வரும் பாதை. நிஜ மலைக்கு ரயில் கிடையாது. மாதம் ஒருமுறை கொண்டையூசி வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தக் குறை அவருக்கு உறுத்தும். தம் மாடியில் அதைத் தீர்த்துக்கொண்டார்.

எஞ்சின், மீட்டர் கேஜ் காலத்தில் சின்னசேலம் பக்கம் ஓடிய நீராவி எஞ்சினின் சாயலில் அவரே செய்தது. ஒரு கை நீளம். தூக்கினால் ஒரு வயதுக் குழந்தையின் கனம். கொதிகலன் செம்புக்குழாய், அடியில் சின்ன கேஸ் அடுப்பு, இரு பக்கமும் பித்தளைச் சிலிண்டர்கள். பொம்மையில்லை. தண்ணீர் கொதித்து, ஆவி தள்ளி, தானே ஓடுவது. செய்து முடித்த பிறகும் கைவைப்பதை நிறுத்தவில்லை. வளைவில் தடம் புரள்கிறது என்று நடுச்சக்கரங்களின் விளிம்பைக் கடைந்து எடுத்தார். மலையேறும்போது வழுக்குகிறது என்று ஈயம் வைத்துக் கனம் கூட்டினார். கடைசியாகச் செய்த வேலைதான் அவருக்குப் பெருமை: குகைக்கு முன் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு முளை. எஞ்சின் அதைக் கடக்கும்போது வயிற்றுக்கடியில் ஒரு நெம்புகோல் தட்டுப்பட்டு, தானாக விசில் ஊதும். சுற்றுக்கு ஒன்று.

அந்தக் குகை இருந்த இடம், அண்டை வீடுகளின் சமையலறைகளும் ஆண்டாளக்காவின் சமையலறையும் காற்று வாங்குகிற சதுரத் திறப்பின் விளிம்பு. விசில் விரல் நீளப் பித்தளைக் குழாய்; ஊதினால் குக்கர் மாதிரியே கீச்சிடும். ரயில் ஒரு சுற்று முடிக்கும் நேரமும் குக்கர் ஒரு விசிலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.

"இன்னா பாய், பேச்சுமூச்சக் காணோம்?" என்றார் ஆண்டாளக்கா.

"கேஸ்கெட் மாத்திப் பாப்போம்கா" என்று மட்டும் சொன்னார் முதஸ்ஸிர்.

வீட்டுக்குப் போய் மனைவி ரோஷன் பீவியிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் தேக்சா அண்டாவில் தம் போட்ட பிரியாணி. குக்கருக்கு அன்று விடுமுறை. அதனால்தான் சொந்த வீட்டில் விஷயம் தெரியவில்லை.

"ஊரு குக்கரையெல்லாம் கெடுத்துட்டு, நீங்களே ரிப்பேரும் பாத்துக்கினு இருந்தீங்களா?"

"சிரிக்காத. அக்காவுக்குத் தெரிஞ்சா மாடியக் காலி பண்ணச் சொல்லும். வேற எங்க போயி மலையக் கட்டறது?"

ஒரு வழி தோன்றியது. முளையைப் பிடுங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு எஞ்சின் வாய் திறக்காமல் சுற்றியது. கீழே பருப்பு வெண்ணெயாக வெந்தது. விவகாரம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு அவர் படியிறங்கும்போது ஆண்டாளக்காவின் குரல் கேட்டது.

"பாத்தியா? கடைக்கு இழுத்துக்கினு போயி நாலு பேருக்கு முன்னாடி கேட்டப்புறம் ஒழுங்கா வேகுது. அப்ப இத்தினி நாளா ஏமாத்திக்கினுதான இருந்த?"

அடுப்படியில் தேவிப்ரியா பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ரோஷன் பீவியும் அக்காவின் பேச்சைக் கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை. "நீங்க வண்டிய ஊமையாக்கிட்டீங்க. அந்தப் பொண்ணு திருடியாயிடுச்சி. போயி சொல்லிட்டு வாங்க."

"மாடி போயிடும் ரோஷன்."

"போவட்டும்."

சொல்வதைவிடக் காட்டிவிடுவது மேல் என்று முதஸ்ஸிர் முடிவு செய்தார். மறுவாரம் முளையைத் திரும்ப நட்டார். தேவிப்ரியாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். ஆண்டாளக்கா வழக்கம்போல ஹாலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மாடியில் எஞ்சின் கிளம்பியது.

"ஒண்ணு" என்றார் ஆண்டாளக்கா. மொச்சை உரிந்தது. "ரெண்டு." இன்னும் கொஞ்சம் உரிந்தது. "மூணு. எறக்குடி."

தேவிப்ரியா குக்கரைக் கொண்டுவந்து மாமியாரின் முன்னால் வைத்தாள். ஆண்டாளக்கா துணி தேடினார். தேவிப்ரியா வெறுங்கையாலேயே மூடியைத் திறந்தாள். உள்ளே பச்சைத் தண்ணீரில் பருப்பு அப்படியே கிடந்தது.

"அடுப்பே பத்தவெக்கல அத்தை" என்றாள்.

ஆண்டாளக்கா குக்கரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து நான்காவது விசில் வந்தது. அவர் தலையைத் தூக்கினார். மடியிலிருந்த மொச்சை சிதற, படியேறினார்.

முதஸ்ஸிர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"மூணு வாரமா நான் இதத்தான் எண்ணிக்கினு இருந்தேனா?"

"நாலு வாரமாக்கா" என்றார் முதஸ்ஸிர். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

ஆண்டாளக்கா மலையையும் குகையையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "மல்லி காயவெக்கற எடத்த வுட்டுக் குடுத்தேன். வெயில்ல மொளவா கொட்ட எடமில்லாம தெருவுல கொட்டறேன். அதெல்லாம் போவட்டும். இதனால எம் மருமவள நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே பாய்! அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இது வேற மாதிரி கூவணும். நான் கீழ ஒக்காந்துக்கினு எண்ணுவேன். இதப்போயி ஒண்ணுன்னு எண்ணிட்டேன்னா, அன்னிக்கே மலையும் குகையும் கீழ எறங்கணும்."

"ஊதாமயே வுட்டுட்றேன்கா."

"அப்ப இன்னாத்துக்கு ரயிலு? மாட்டுவண்டி வுட வேண்டியதுதான?"

அந்த வாரம் கடையில் பாயின் கை குக்கரில் இருந்தது, மனம் குழாயில் இருந்தது. குரல் தடிக்க வேண்டுமென்றால் குழாய் நீளவேண்டும். அவ்வளவு தெரியும். ஒரு சாண் குழாய் வெட்டி, வாய் அறுத்து, பக்கத்துத் தெரு பஞ்சர் கடை காஜாவின் கம்ப்ரசரில் மாட்டி ஊதிப் பார்த்தார். கனமான, நல்ல குரல். காஜா, "சின்னசேலம் ஸ்டேஷன்ல நிக்கற மாதிரி கீது பாய்" என்றான். அதையே எஞ்சினில் மாட்டி ஆவியில் ஊதியபோது, முதலில் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பியது. சூடேறியதும் பழையபடி குக்கர் மாதிரியே கீச்சிட்டது.

முதஸ்ஸிர் தண்டவாளத்தின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துணி எடுக்க மாடிக்கு வந்த தேவிப்ரியா கேட்டாள்.

"எதுல ஊதிப் பாத்தீங்கண்ணா?"

"காத்துலம்மா. காத்துல நல்லாத்தான் கூவுச்சி."

"ஆவியில சத்தம் ஜாஸ்தி வேகமாப் போவும். அதான் அதே கொழாயி கீச்சுன்னு கத்துது. எவ்ளோ வேகமோ அவ்ளோ பங்கு நீளம் கூட்டணும்." துணிக்கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு செல்பேசியில் எதையோ தட்டினாள். "ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மியா வெட்டிப் பாருங்க."

"எங்கிட்டக் கோவம் இல்லையா உனுக்கு?"

"இருக்குது. அதுக்காவ மலைய இடிக்கச் சொல்லுவாங்களா? எனக்கு அந்தக் குகை புடிக்கும்."

அவ்வளவு நீளக் குழாய் எஞ்சினில் எங்கும் ஒளியவில்லை. கொதிகலனின் மேல் கட்டினால் எஞ்சின் ஏணி தூக்கிப்போகும் ஆள் மாதிரி இருந்தது. கடைசியில், எஞ்சின் இழுத்துவரும், மரவள்ளிக்கிழங்கு ஏற்றுகிற மாதிரிச் செய்த சரக்கு வேகனின் வயிற்றுக்கடியில் படுக்கவைத்து, எஞ்சினிலிருந்து அதற்கு ரப்பர்க் குழாய் இழுத்தார். இணைப்பில் ஆவி கசிந்தது. அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு கேஸ்கெட்டை எடுத்து நறுக்கிச் சுற்றினார். கசிவு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. தேவிப்ரியா இந்த முறை அடுப்பைப் பற்றவைத்தே குக்கரை ஏற்றினாள். ஆண்டாளக்கா ஹாலில் மொச்சைக்கு முன்னால். முதஸ்ஸிர் மாடியில். கீழே நடப்பது அவருக்குத் தெரியவேண்டும் என்று ரோஷன் பீவி படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டார்.

எஞ்சின் குகையை நெருங்கியது. முளையில் தட்டியது. வேகனின் அடியிலிருந்து 'கூ...' என்று ஒரு குரல் எழுந்து, கைப்பிடிச் சுவரில் மோதி, தெருவெல்லாம் பரவியது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா இன்னா சொல்லுச்சி?" என்று கிசுகிசுத்தார் முதஸ்ஸிர்.

"ஒண்ணும் சொல்லல. உரிச்சிக்கினு இருக்குது."

கீழே குக்கர் சீறியது. "ஒண்ணு" என்றார் ஆண்டாளக்கா. ரோஷன் பீவி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். மறுபடி ரயில். ஹாலில் மொச்சைதான் உரிந்தது. மறுபடி குக்கர். "ரெண்டு." இரண்டு விரல்.

மூன்றாவது முறை இரண்டும் ஒரே நேரத்தில் ஊதிவிட்டன. ரயிலின் குரலுக்குள் குக்கரின் குரல் முழுகிப்போனது. முதஸ்ஸிர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். ரோஷன் பீவியின் விரல்கள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றன.

"இப்பக் கூவுனது எது?" என்றார் ஆண்டாளக்கா.

"ரெண்டும் அத்தை" என்று அடுப்படியிலிருந்து தேவிப்ரியாவின் குரல் வந்தது. "மூணாச்சு. அணைச்சிட்டேன்."

"எனக்கு ரயிலு மட்டுந்தான கேட்டுச்சி?"

"நான் வெயிட்டப் பாத்துக்கினு இருந்தேன்."

ஆவி அடங்கி, மூடி திறந்து, ஆண்டாளக்கா ஒரு பருப்பை விரலிடுக்கில் நசுக்கிப் பார்ப்பதை ரோஷன் பீவி படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மேலே திரும்பி, விரல்களை மடக்கிவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

"வெண்ணதான்" என்றது ஆண்டாளக்காவின் குரல். பிறகு, கொஞ்சம் தணிந்து: "இனிமே நீயே எண்ணிக்கம்மா. எனக்கு மேல வேல இருக்குது."

அவர் மாடிக்கு வந்தார். முதஸ்ஸிர் எஞ்சினின் கேஸ் திருகில் கைவைத்தபடி நின்றார், அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல். ஆண்டாளக்கா தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரயில் ஒரு சுற்று வந்தது. குகைக்கு முன் கூவியது. அவர் எண்ணவில்லை.

"வேகன் காலியாப் போவுது" என்றார். "வர்ற வாரம் மல்லி காயவெக்கறேன். ஒரு படி ஏத்திக்கினு சுத்தி வந்தா வெயிலு நல்லாப் படும். ஆவி அதுமேல படாமப் பாத்துக்க."

"சரிக்கா."

மறுநாள் திங்கட்கிழமை. தெருவிலிருந்து ஒரு குக்கரும் வரவில்லை. முதஸ்ஸிர் அட்டைப் பெட்டியைத் திறந்து, யார் யாருடையது என்று பார்த்துப் பிரித்து, சாயங்காலம் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆண்டாளக்காவுடையதை மட்டும் கொடுக்க முடியவில்லை. அது வேகனுக்கடியில், விசிலுக்குப் போகும் ஆவி கசியாமல் பிடித்துக்கொண்டிருந்தது.